ஊரை நோக்கித் திறந்த பள்ளி

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சில சொற்கள் விளையாட்டுக் காட்டுவதுண்டு. வங்கமொழியில் கிராமத்தைக் குறிக்கும் சொல் ஒன்று அத்தகையது. அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் 'பல்லி' என்றாகிவிடும். முதன்முதலாக ஒரு குறிப்பில் நான் அவ்வாறு எழுதியபோது, பக்கத்து மேசை நண்பர் அதைப் படித்துவிட்டு, "கிராம முன்னேற்றத்தில் பல்லிக்கு என்ன வேலை?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எனக்கு வேறொரு நினைவு எழுந்தது. லகரத்தை ளகரமாக்கினால் அது 'பள்ளி' ஆகிறதே! பிள்ளைகள் கற்கும் இடம் பள்ளி. சமண முனிவர் உறைந்த இடமும் பள்ளி. திருச்சிராப்பள்ளி முதலாகப் பல ஊர்ப் பெயர்களிலும் பள்ளி உண்டு. ஊரும் கல்விச்சாலையும் ஒரு சொல்லில் இவ்வளவு நெருங்கி வாழ முடியுமாயின், வாழ்விலும் அவ்வாறு வாழ இயலாதா? அதற்காக ஒரு பெருங்கவிஞர் தம் பிற்பகுதி வாழ்நாளைச் செலவிட்ட வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அதற்குமுன் நம்மைப் பற்றிச் சில சொற்கள். உத்தியோகமும் பிழைப்பும் கொண்டுவிட்ட இடத்தில் குடியேறிய தமிழர், தங்குவதற்கு வீடு தேடிய கையோடு இரண்டு காரியங்களைச் செய்தனர்: பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தனர், பாட்டுக்கும் கூத்துக்கும் சபை கண்டனர். டெல்லியில் 1923ஆம் ஆண்டு 'மதராஸி' என்ற பெயரில் தோன்றிய கல்விச் சங்கம், இன்று டெல்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது. பம்பாய் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் உருவாயிற்று. அதே நகரின் சண்முகானந்த சபை 1952இல் தோன்றி, 1963இல் தன் பேரரங்கைத் திறந்தது. அவ்வரங்கு 1990இல் தீக்கிரையானபோது அன்பர்கள் மனம் தளரவில்லை. 1998இல் அது மீண்டும் எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்தவரும் திருநெல்வேலியிலிருந்து வந்தவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது, பிள்ளையைச் சேர்க்க நின்ற வரிசையிலும், கச்சேரி கேட்க அமர்ந்த நாற்காலியிலுமே. பள்ளியும் கலையும் ஒரு சமூகத்தை உண்டாக்க வல்லவை என்பதற்கு நமக்கு வெளிச்சான்று தேவையில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. நாம் உண்டாக்கிய சமூகம் நம் மொழியினரை ஒன்று சேர்த்தது. நம் தெருவில் வாழும் ஏனையோரை அது என்ன செய்தது? நம் பள்ளி வாயிலில் காவலிருப்பவரின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான்? நம் சபையின் மேடையை அமைத்த தச்சர் அம்மேடையில் என்றேனும் ஒரு நிகழ்ச்சியைக் கண்டிருக்கிறாரா? இவ்வினாக்களை மனத்தில் இருத்திக்கொண்டு, வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்துக்குச் செல்வோம்.

கல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில், செம்மண் மேடுகளும் பனைகளும் நிறைந்த வறண்ட நிலத்தில் போல்பூர் என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே 1863இல் மகரிஷி தேவேந்திரநாத தாகூர் சிறிது நிலம் பெற்றுத் தியானத்துக்கென ஓர் இல்லம் அமைத்தார். அதுவே சாந்திநிகேதனம். 1888இல் அவர் எழுதிவைத்த அறக்கட்டளை ஆவணத்தில், ஆண்டுதோறும் அங்கே ஒரு மேளா நடத்த முயல வேண்டும் என்ற விதியும் இருந்தது. தியானத்துக்குரிய இடத்தில் சந்தைக் கூட்டமா என்று நாம் வியக்கலாம். ஊரார் வந்து போகாத இடம் புண்ணியத் தலமாகாது என்று அப்பெரியவர் கருதினார் போலும். பௌஷ மாதத்தில் கூடும் அம்மேளா, பாவுல் பாடகர்களும் சாந்தால் மக்களும் கைவினைஞர்களும் ஒருங்கே கூடும் விழாவாக வளர்ந்தது.

அவருடைய மகன் இரவீந்திரநாதர் அந்நிலத்தில் 1901ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்தே மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஐவருள் ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாதர். மரத்தடியே வகுப்பறை, பருவங்களின் மாற்றமே பாடநூல். இது யாவரும் அறிந்த கதை. ஆனால் அப்பள்ளியை நிறுவியவருக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை இருந்தது என்பது அத்துணை பரவலாகத் தெரியாது.

தாகூர் 1890களில் குடும்ப ஜமீனின் பொறுப்பேற்று, இன்று வங்காளதேசத்தில் உள்ள சிலைதஹ, பதிசர் முதலிய ஊர்களில் தங்கியவர். கடனில் அமிழ்ந்த குடியானவரையும், ஒருவருக்கொருவர் உதவ மறந்த ஊர்களையும் அங்கே கண்டார். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகளைச் சட்டம் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்புவது வழக்கமாக இருந்த காலத்தில், அவர் 1906இல் தம் மகனை உழவுத்தொழில் கற்க அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். பதிசரில் குடியானவர்க்காக ஒரு வங்கி அமைத்தார். 1913இல் கிட்டிய நோபல் பரிசுத் தொகையையும் அதில் வைப்பாக இட்டார். பின்னாளில் அவ்வங்கி நொடித்துப்போயிற்று, பணமும் போயிற்று.

சாந்திநிகேதனத்தின் நிலை வேறு. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் நகரத்துக் கற்றோரின் பிள்ளைகள். பள்ளியைச் சுற்றி இருந்தவையோ மலேரியாவால் தேய்ந்துகொண்டிருந்த சிற்றூர்கள். உள்ளே பாட்டும் நாடகமும். வெளியே காய்ச்சலும் கடனும். உள்ளேயும்கூட எல்லாரும் சமமாக இருந்தனர் என்று சொல்வதற்கில்லை. 1915ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், அங்கு வந்திருந்த காந்தியடிகளின் தூண்டுதலால், மாணவரும் ஆசிரியரும் சமையல், துப்புரவு முதலிய பணிகளைத் தாமே மேற்கொண்டனர். அச்சோதனை நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் அந்நாளை 'காந்தி புண்ணிய நாள்' என்று ஆண்டுதோறும் போற்றும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. ஒரு நாள் பெருக்கிய துடைப்பம் ஒரு நிறுவனத்தின் மனச்சான்றில் தங்கிவிட்டது எனலாம்.

தீவு போன்ற பள்ளிக்கும் ஊருக்கும் பாலம் கட்டும் முயற்சி 1922 பிப்ரவரி 6ஆம் நாள் முறையாகத் தொடங்கியது. சாந்திநிகேதனத்துக்கு அருகே சுருல் என்னும் ஊரில் தாகூர் 1912இல் ஒரு பழைய மாளிகையை வாங்கியிருந்தார். அமெரிக்காவில் வேளாண்மை கற்ற லியனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய இளைஞரும் சில மாணவரும் அங்கே குடியேறினர். இந்நிலையமே ஸ்ரீநிகேதனம் எனப் பெயர் பெற்றது. டோரதி ஸ்டிரெயிட் என்னும் அமெரிக்க அம்மையார் பொருளுதவி செய்தார். காலிமோகன் கோஷ் என்னும் வங்காளத் தொண்டர் வீடு வீடாகச் சென்று பழகினார்.

சென்றவர்கள் முதலில் சொற்பொழிவு ஆற்றவில்லை. தங்கள் கழிவைத் தாங்களே குழியிலிட்டு எருவாக்கக் கற்றுக்கொண்டனர். கல்லூரி மாணவர்க்கு அது எளிய பாடமா என்ன! பிறகு ஊராரிடம் சென்று, உங்கள் குறை யாது என்று கேட்டனர். ஆராய்ந்து கண்டவற்றை எல்ம்ஹர்ஸ்ட் மூன்றாகத் தொகுத்தார்: பயிரை அழிக்கும் குரங்குகள், மலேரியா, ஒருவர்மேல் ஒருவர்க்குள்ள அவநம்பிக்கை. முதலிரண்டுக்கும் மருந்து தேடலாம். மூன்றாவதற்கு மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்? அதற்குத்தான் பள்ளியும் கலையும் தேவைப்பட்டன.

பள்ளி செய்த பணியை முதலில் காண்போம். சிற்றூர்ச் சிறுவர்களைக் கொண்டு 'விரதி பாலகர்' என்னும் தொண்டர் அணிகள் அமைந்தன. குட்டைகளில் கொசு பெருகாமல் மண்ணெண்ணெய் தெளித்தல், தீப்பிடித்த குடிசையை அணைத்தல், திருவிழாக் கூட்டத்தில் ஒழுங்கு காத்தல் ஆகியவை அவர்களின் பாடங்கள். மேல்சாதியான் வீட்டுத் தீயைக் கீழ்ச்சாதி எனப்பட்ட சிறுவன் அணைக்கும்போது, அவநம்பிக்கையின் ஒரு கண்ணியேனும் அறாதிருக்குமா? 1924இல் 'சிக்ஷாசத்திரம்' என்னும் பள்ளி ஏழைச் சிறுவர் சிலருக்காகத் தோன்றியது. 1927இல் அது ஸ்ரீநிகேதனத்துக்கு மாறியது. தோட்டம், தறி, அடுப்பங்கரை ஆகியவற்றிலிருந்தே அங்கே கணக்கும் அறிவியலும் கற்பிக்கப்பட்டன. பின்னர் கிராமங்களில் கூட்டுறவுச் சுகாதாரச் சங்கங்கள் எழுந்தன. குடும்பத்துக்கு ஒரு சிறு சந்தா. அதைக்கொண்டு மருத்துவரும் மருந்தும்.

இனிக் கலையின் பணியைக் காண்போம். 1919இல் தோன்றிய கலாபவனத்தை ஓவியர் நந்தலால் போஸ் வழிநடத்தினார். ஓவியம் மாளிகைச் சுவருக்கே உரியது என்று அவர் எண்ணவில்லை. வங்கப் பெண்கள் நோன்பு நாட்களில் தரையில் இடும் 'ஆல்பனா'க் கோலத்தைக் கலைக்கூடத்தின் பாடமாக்கினார். அதைக் கற்பிக்க வந்த சுகுமாரி தேவி கலைக்கல்லூரி ஏறியவர் அல்லர். வீட்டு முற்றத்தில் கற்றவர். பாட்டி அறிந்திருந்தது பல்கலைக்கழகம் கற்பிக்கும் கல்வியாயிற்று. அத்தகைய பாட்டியின் பேத்தி அக்கல்லூரியின் வாயிலை மிதிக்கும்போது தலை நிமிர்ந்தே நடப்பாள் அன்றோ?

அவ்வாறே ஸ்ரீநிகேதனத்தின் சில்பபவனத்தில் நெசவு, தோல்வேலை, மட்பாண்டம், மரவேலை முதலியன வளர்ந்தன. தாகூர் 1927இல் ஜாவா சென்று வந்தபின், அந்நாட்டின் 'பாத்திக்' சாயக்கலையும் இங்கே வேரூன்றிற்று. பூவேலை செய்த சாந்திநிகேதனத் தோல்பையை நம்மில் பலர் கண்காட்சிகளில் வாங்கியிருப்போம். சுற்றுப்புறச் சிற்றூர்களில் பலருக்கு அது சோறு போடும் தொழிலாயிற்று.

இவை எல்லாவற்றினும் என் நெஞ்சைத் தொட்ட நிகழ்ச்சி 1928ஆம் ஆண்டு நடந்தது. அவ்வாண்டு தாகூர் மரம் நடும் விழாவைச் சாந்திநிகேதனத்திலும், ஏர் உழும் விழாவாகிய 'ஹலகர்ஷண'த்தை ஸ்ரீநிகேதனத்திலும் தொடங்கினார். எருதுகளை அலங்கரித்தனர், நிலத்தில் ஆல்பனா இட்டனர், வடமொழி மந்திரங்கள் முழங்கின, உலகம் போற்றிய அக்கவிஞர் தாமே மேழி பிடித்தார். ஏரைத் தொடுவது இழிவு என்று உயர்சாதியார் ஒதுங்கிய நாட்டில் இது வெறும் அலங்காரமாகுமா? உழவனுக்கு அரிசியும் துணியும் கொடுப்பவர் பலருண்டு. அவன் தொழிலுக்குப் பாட்டும் கோலமும் மந்திரமும் கொடுத்தது வேறு வகையான கொடை. அக்காட்சியை நந்தலால் 1930இல் ஸ்ரீநிகேதனத்துச் சுவரில் ஓவியமாகத் தீட்டினார். பாங்குரா மாவட்டத்து எளிய குடும்பமொன்றிலிருந்து வந்து அங்கே பயின்ற ராம்கிங்கர் பேஜ், 1938இல் சாந்தால் குடும்பம் ஒன்றை மாபெரும் சிற்பமாக வடித்தார். சலவைக்கல்லும் வெண்கலமும் தேடாமல், அம்மண்ணின் சரளையையும் சிமெண்டையும் கொண்டே வடித்தார். வேலை தேடி மூட்டைமுடிச்சுடன் பெயர்ந்து செல்லும் குடும்பம் அது. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அச்சிற்பத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்டபின், அங்கே எல்லாம் நிறைவேறிவிட்டது என்று நேயர்கள் கருதிவிடலாகாது. மெய்யான வரலாறு வெற்றியோடு தோல்வியையும் சொல்ல வேண்டும். சாந்திநிகேதனப் பள்ளியும் சிக்ஷாசத்திரமும் அருகருகே இருந்தும், ஒன்று வசதியுள்ளோர் பிள்ளைகளுக்கும் மற்றொன்று ஏழைகளுக்கும் என்றே பெரும்பாலும் நின்றன. பெற்றோர் விரும்பியது தேர்வும் சான்றிதழும். தறியும் தோட்டமும் அல்ல. அவர்களைக் குறைகூறவும் இயலாது. பட்டம் பெற்றால்தான் வேலை என்ற உலகில், ஏழையின் பிள்ளைக்கு மட்டும் பட்டம் வேண்டாம் என்று சொல்வது எப்படி? பணமுடையும் ஓயவில்லை. 1940இல் தாகூர், தமக்குப்பின் விசுவபாரதியைக் காக்குமாறு காந்தியடிகளிடம் கடிதமொன்றை ஒப்படைத்தார். 1951இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. நிதிக்கவலை குறைந்தது, விதிமுறைகள் கூடின.

அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில், மேளா நடக்கும் திடலைச் சுற்றி வேலியும் சுவரும் எழுப்பும் பணி தொடங்கியபோது, ஊரார் பலர் திரண்டு அதைத் தகர்த்தனர். தம் இடத்தைக் காக்க வேண்டும் என்ற கவலை நிர்வாகத்துக்கு இருந்தது. தலைமுறை தலைமுறையாக நடந்த திடல் அடைபடுகிறதே என்ற வேதனை ஊராருக்கு இருந்தது. உடைத்தது முறையன்று, ஆயினும் அவ்வேதனை பொருளற்றதன்று. ஒரு பல்கலைக்கழகத்தின் திடலை ஊரார் 'எங்களுடையது' என்று கருதினார்கள் என்பதே, 1888இல் எழுதிய ஆவணம் பலித்தது என்பதற்குச் சான்று. சில ஆண்டுகள் தடைப்பட்ட மேளா பின்னர் அதே திடலுக்குத் திரும்பியது. 2023இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இக்கதைக்கும் தமிழர்க்கும் தொடர்பு உண்டா என்று கேட்கலாம். உண்டு. சென்னையிலிருந்து அங்கே பயிலச் சென்ற சாவித்திரி என்னும் மாணவி பாடிய முத்துசுவாமி தீட்சிதரின் 'மீனாட்சி மே முதம்' என்ற கிருதியைக் கேட்டு, அதன் மெட்டைத் தழுவி வசந்தத்தைப் போற்றும் வங்கப் பாடலொன்றைத் தாகூர் இயற்றினார். மாணவி கற்கச் சென்றாள், ஆசிரியரும் கற்றார். யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம் சாந்திநிகேதனத்தில் ஆசிரியராகவும் தாகூரின் செயலாளராகவும் இருந்தவர். பின்னர் அவரும் அவர் மனைவி ஆஷாதேவியும் வார்தா சென்று, காந்தியடிகளின் ஆதாரக்கல்வி இயக்கத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். 1938இல் தோன்றிய ஹிந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளர் அவரே. சாந்திநிகேதனத்தின் மற்றொரு மாணவர் கேரளத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரன். அவரும் மருத்துவர் சௌந்திரம் அம்மையாரும் 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். மருத்துவமனை, பள்ளி, கதர், கிராமத்தொண்டர் பயிற்சி என விரிந்த அந்நிலையத்தின் கல்விப்பிரிவு, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பீர்பூமின் செம்மண்ணில் விளைந்த விதை, வார்தா வழியாகச் சிறுமலை அடிவாரத்துக்கு வந்து முளைத்தது எனலாம்.

நேயர்களே, நாம் தொடங்கிய வினாவுக்குத் திரும்புவோம். ஸ்ரீநிகேதனத்தின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஒரு பள்ளி தன் சுற்றுப்புறத்துக்குக் கொடுப்பதால் மட்டும் அங்கே சமூகம் உருவாவதில்லை. சுற்றுப்புறம் அறிந்ததைத் தானும் கற்றுக்கொள்ளும்போதே உருவாகிறது. கொடுப்பவர் கை எப்போதும் மேலே இருந்தால், வாங்குபவர் நன்றி சொல்வார், நண்பராக மாட்டார். ஆல்பனாவைக் கற்பிக்க ஒரு பெண்மணியை அழைத்ததும், ஏரைப் பிடித்ததும், தீட்சிதரின் கிருதிக்குச் செவி கொடுத்ததும் இந்த ஒரே நெறியின் வெவ்வேறு செயல்கள்.

நம் பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் இதனை ஏற்பது கடினமன்று. தமிழைக் காப்பது நம் கடமை, அதில் ஐயமில்லை. பிறமொழி அயலாரின் பிள்ளைகளும் நம் பள்ளிகள் பலவற்றில் பயில்கின்றனர். அவர்களில் விரும்புவோர்க்கு மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் கற்பிக்கலாம். பொங்கல் நாளில் நம் வாயிலில் இடும் கோலத்துக்குப் பக்கத்தில், மராத்தியப் பெண்மணி ரங்கோலியும் வங்கப் பெண்மணி ஆல்பனாவும் இட இடம் விடலாம். ஆண்டுவிழாவில் ஒரு மாலையை அந்த ஊரின் கலைஞர்களுக்கு ஒதுக்கி, நாம் கீழே அமர்ந்து கேட்கலாம். வாயிற்காப்பாளரின் பிள்ளைக்கு நம் பள்ளியிலேயே ஓர் இருக்கை தரலாம். அதைத் தருமமாகக் கருதாமல், அவனும் இவ்வூர்ப் பிள்ளை என்ற உரிமையோடு தரலாம்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. தேர் நம்முடையதாக இருக்கலாம். வீதி எல்லாருக்கும் உரியது. வடத்தைப் பிடிக்க அயலாரையும் அழைப்போம். அடுத்த மாதம் அவர்கள் தேர் வரும்போது, அழைப்பை எதிர்பாராமல் நாமும் சென்று வடம் பிடிப்போம்.